அர்த்தம் சொல்லாமல் வாசித்த வாரம்

எம்.ஏ. இரண்டாம் ஆண்டில் எனக்குப் பல்கலைக்கழக நூலகத்தில் பகுதிநேர வேலை கிடைத்தது. படித்துக்கொண்டே வேலை பார்க்கும் மாணவர்களுக்கான திட்டம் அது. மற்றவர்களைப் புத்தகம் அடுக்கச் சொன்னார்கள். என்னைப் பார்வையற்ற ஆய்வாளர்களுக்கான அறைக்கு அனுப்பினார்கள். புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்ய வேண்டும்.

அம்மா பெரிய மார்க்கெட்டில் மீன் விற்பவர். வேலை என்ன என்று சொன்னபோது அவர் நம்பவில்லை.

"பொஸ்தகத்தைப் படிச்சுக் காட்டுனா காசு தராங்களா? நான் மீன அரிஞ்சு, செதிலெடுத்துக் குடுத்தாலே மூக்கால அழுவுறாளுங்க."

எனக்கு அந்த வேலை புதிதல்ல. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நெல்லித்தோப்பில் எங்கள் சந்து முழுவதற்கும் சிறு வயதிலிருந்தே நான்தான் வாசித்துச் சொல்வேன். கரண்ட் பில், வங்கியிலிருந்து வரும் கடிதம், கோரிமேட்டு ஆஸ்பத்திரிச் சீட்டு, எல்லாம் என் கைக்கு வரும். ஒரு தடவை கண்ணை ஓட்டிவிட்டு, "ஒண்ணுமில்ல, அடுத்த மாசம் வரச் சொல்லியிருக்காங்க" என்பேன். தாளில் உள்ளதை முழுதாக வாசிக்கும்படி யாரும் கேட்டதில்லை. தேவையானதைப் பிரித்தெடுத்துச் சொல்வதுதான் வாசிப்பது. அதில் நான் கெட்டிக்காரி. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

எனக்கு முதலில் வந்த ஆய்வாளர் பாகூர் பக்கத்து விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பிறவியிலேயே பார்வையில்லை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் ஊர்கள் ஏரித் தண்ணீரை எப்படிப் பங்கிட்டுக்கொண்டன என்பது அவருடைய ஆய்வு. அதற்கு ஒரு பழைய தமிழ்ப் புத்தகம் தேவைப்பட்டது. வெளியே எடுத்துப்போக முடியாத புத்தகம். ஸ்கேன் செய்து பார்த்தார்கள். தாள் பழுத்து, பின்பக்க எழுத்து முன்பக்கம் தெரிந்ததில் கணினி ஏதேதோ உளறியது. அதனால் ஓர் ஆள் உட்கார்ந்து வாசிக்க வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை அவருடைய ஆய்வுக் குழு கூடுகிறது என்று அறைப் பொறுப்பாளர் மேடம் சொன்னார். ஏற்கெனவே இரண்டு முறை நீட்டிப்புக் கொடுத்தாயிற்று. இந்த முறை ஏரி பற்றிய அத்தியாயத்தைக் காட்டாவிட்டால் பதிவு ரத்து.

"ரத்தானா ஒண்ணுமில்ல தங்கச்சி, ஊருக்குப் போயி தண்ணி பாய்ச்ச வேண்டியதுதான்" என்றார் அவர். "ஆனா நான் மடையத் தொறந்தா ஊரே முழுகிடும்."

திங்கட்கிழமை நான் பாதிப் புத்தகத்துக்கு மேல் பதிவு செய்தேன். மேடமே ஆச்சரியப்பட்டார். செவ்வாய் காலை ஆய்வாளர் ஹெட்போனில் கேட்டுக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, 'அதாவது, மேல் ஊருக்குத்தான் எப்பவும் முதல் தண்ணி'ன்னு வருதே. இந்த 'அதாவது' புத்தகத்துல இருக்கா, உன்னோடதா?"

"என்னோடதுண்ணா. நடை கொஞ்சம் சுத்தி வளைச்சிருந்துச்சு. புரியட்டும்னு சொன்னேன்."

"அடிக்குறிப்பே இல்லியா இதுல?"

"இருக்கு. பொடி எழுத்து. பாதி பிரெஞ்சுல இருக்கு. முக்கியமில்லன்னு விட்டுட்டேன்."

அவர் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"எது முக்கியம்னு நான் பாத்துக்கறேனே. நீ எனக்கு அர்த்தம் சொல்லாத. தாள்ல இருக்கறத அப்படியே சொல்லு. கமா வந்தா கமான்னு சொல்லு."

எனக்குக் கோபம் வந்தது. நான் செய்தது தப்பு என்று அன்று தோன்றவில்லை. எங்கள் சந்தில் அப்படி வாசித்ததால்தான் பலருடைய காரியம் நடந்தது. ஆனால் அவர்களுக்கு அந்தத் தாளில் ஒரு காரியம்தான் இருந்தது. இவருக்குத் தாள் முழுவதுமே வேண்டியிருந்தது. வேறு வேலை இது என்று எடுத்துக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்கினேன். பக்க எண், பத்தி, மேற்கோள் குறி, "அடிக்குறிப்பு ஆரம்பம்", "அடிக்குறிப்பு முடிந்தது". கேட்க நன்றாகவே இருக்காது.

பிரெஞ்சு எனக்குத் தெரியாது. அவர் பள்ளியில் பிரெஞ்சு எடுத்துப் படித்தவர். பதிவும் ஓடிக்கொண்டிருக்க, நான் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கணினியில் தட்டிக்கொண்டார். மடைகளைப் பற்றிய அடிக்குறிப்பு ஒன்று ஒரு பக்கத்துக்கு நீண்டது.

"அண்ணா, இந்த 'E'க்குத் தலைமேல ஒரு கொக்கி இருக்கு."

"கொக்கி எந்தப் பக்கம் சாயுது?"

"ரைட்டுக்கு."

"அடுத்தது?"

"அதுக்கும் கொக்கி. லெப்ட்டுக்கு. அச்சு அழிஞ்சிருக்கு, ஆனா லெப்ட்டுதான்."

"நல்லாப் பாரு. ஊகமா சொல்லாத."

ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். லெப்ட்டுதான். முடித்ததும் அவர் அதை இரண்டு முறை கணினியில் ஓடவிட்டுக் கேட்டார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தார்.

"என்னண்ணா, என்ன போட்டிருக்கு?"

"அர்த்தம் சொல்லக் கூடாதுன்னுதானே பேச்சு."

பிறகு அவரே சொன்னார். மழை பொய்த்த வருஷத்தில் முதல் தண்ணீர் கீழ் ஊருக்கு என்று அந்த அடிக்குறிப்பில் இருந்த பிரெஞ்சு அரசின் பழைய உத்தரவு சொன்னது. மேல் ஊருக்கே எப்போதும் முதலிடம் என்று திங்கட்கிழமை நான் சுருக்கிச் சொல்லியிருந்தேன். புத்தகத்தின் பெரிய எழுத்தும் கிட்டத்தட்ட அப்படித்தான் சொன்னது. பொடி எழுத்து மாற்றிச் சொன்னது. அவருடைய அத்தியாயம் நின்றது அந்தப் பொடி எழுத்தின்மேல்.

வியாழக்கிழமை என் தொண்டை கட்டிக்கொண்டது. அறைக்குள் தண்ணீர் பாட்டில் கொண்டுவரக் கூடாது என்ற விதியை மேடம் எனக்காகத் தளர்த்தினார். இருமிக்கொண்டே கடைசிப் பக்கம்வரை வாசித்தேன். ஆய்வாளர் அன்றே விடுதிக்குப் போய் எழுதி முடித்தார்.

வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல்தான் அவர் திரும்பி வந்தார். கைத்தடியை மடக்கி, வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கீழ் ஊருக்கு முதல் தண்ணின்னு நான் எழுதினத ஒரு மெம்பர் ஒத்துக்கல. அந்தப் புத்தகத்த நான் படிச்சிருக்கேன், அப்படி எங்கயும் இல்லன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உன் பதிவத்தான் போட்டேன். பக்க எண்ணச் சொல்லி, 'அடிக்குறிப்பு ஆரம்பம்'னு உன் குரல் வந்துச்சு. அப்புறம் ஒவ்வொரு எழுத்தா, கொக்கி ரைட்டுக்கு, கொக்கி லெப்ட்டுக்கு. கொஞ்ச நேரங்கழிச்சு அவரே போதும் நிறுத்துன்னுட்டாரு. பொடி எழுத்த நான் பாக்கலன்னு ஒத்துக்கிட்டாரு. அத்தியாயத்த ஏத்துக்கிட்டாங்க. முடிக்க ஒரு வருஷம் குடுத்திருக்காங்க."

மேடம் எழுந்துபோய் மின்விசிறியைக் கூட்டி வைத்தார். எனக்குத் தெரிய வேண்டியது இன்னும் ஒன்று இருந்தது.

"என் குரல் தெளிவா இருந்துச்சாண்ணா?"

"பிரெஞ்சுக்காரன் கேட்டிருந்தா அழுதிருப்பான்" என்றார். "ஆனா ஒரு எழுத்து தப்பில்ல."