முன்கண்ணாடியில் ஒட்டிய பெயர்

உங்கள் வீட்டில் குழந்தைக்குப் பெயர் வைத்தது யார்? தாத்தாவா, ஜோசியரா, இல்லை செல்போனா? எங்கள் வீட்டில் ரேடியம் ஸ்டிக்கர் கடைக்காரர். அதுவும் குழந்தை பிறப்பதற்கு முன்பே. ஆணா பெண்ணா என்று கடவுளுக்கும் ஸ்கேன் பார்த்த டாக்டருக்கும் மட்டும் தெரிந்திருந்த காலத்தில்.

எனக்கு அப்போது ஏழாவது மாதம். என் வீட்டுக்காரன் மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறைகளிலிருந்து சிலை ஏற்றிப் போகிற குட்டியானை வண்டி ஓட்டுகிறான். கல்லூரியில் இரண்டு பேரும் ஒரே வகுப்பு, அதனால் அவனை 'அவர்' என்று எழுத எனக்குக் கை வராது. பிடிக்காதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். அன்று அச்சரப்பாக்கத்தில் ஒரு பிள்ளையாரை இறக்கிவிட்டு வந்தவன், வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே போனேன். வண்டியின் முன்கண்ணாடியில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, மஞ்சள் எழுத்தில் ஒரு பெயர். இரண்டு பக்கமும் இறக்கை. மேலே ஒரு கிரீடம்.

"எப்டிமே கீது?"

"யாரு இது?"

"நம்ம புள்ளமே!"

அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். படிக்கிற எவனாவது பிடித்துப்போய் வைத்துத் தொலைப்பான், அந்தப் பாவம் எனக்கெதற்கு? ஆண் பெயர், கடைசியில் ஒரு 'ஷ்', அதுவும் குக்கர் விசில் போவதுபோல. எங்கள் தெருவில் இந்த 'ஷ்' கோஷ்டி ஏற்கெனவே ஏராளம். சாயங்காலம் ஒரு அம்மா வாசலில் நின்று கூப்பிட்டால் தெருவே வீட்டுக்குள் போய்விடும்.

"யோவ், என்ன ஒரு வார்த்த கேட்டியா?"

"சர்ப்ரைஸ்மே."

"சுமக்கறது நானு, சர்ப்ரைஸ் குடுக்கறது நீயா? ஆம்பளப் புள்ளன்னு எவன் சொன்னான் உனக்கு?"

"பொண்ணா இருந்தா இன்னா? வால்ல ஒரு ஸ்ரீ சேத்துக்கினா முடிஞ்சிச்சு."

என்னிடம் ஒரு பெயர் இருந்தது. கல்லூரி நாளிலிருந்தே இருந்தது. சின்னது, தமிழ், ஆணுக்கும் பொருந்தும், பெண்ணுக்கும் பொருந்தும். ஈ.சி.ஆரில் ஒரு ரிசார்ட்டில் ரிசப்ஷனில் உட்கார்ந்து, நீளநீளப் பெயரோடு வருகிறவர்கள் எல்லாம் கடைசியில் வெறும் 'சார்' ஆகிப்போவதைப் பார்த்து, அந்தப் பெயர்மேல் எனக்கு இன்னும் பிடிப்பு வந்தது. கடற்கரை மணலில் உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி தின்றபோது இவனிடம் சொல்லியும் இருக்கிறேன். "சூப்பர்" என்றான். காதலிக்கிற காலத்தில் அவன் எதற்குத்தான் சூப்பர் சொல்லவில்லை? இப்போது அதே பெயரைச் சொன்னால் வண்டியை ஒரு பார்வை பார்க்கிறான்.

"ரெண்டே எழுத்துமே. ஒட்டுனா கண்ணாடில பாதி காலியா கெடக்கும்."

ஒரு மனுஷப் பிறவியின் பெயருக்கு இவன் வைத்திருந்த அளவுகோல் இதுதான். கண்ணாடியின் அகலம்.

மாமியார் மகன் கட்சி. "ஒட்டுனதப் பிச்சா அபசகுனம்டி" என்றார். எந்தச் சாஸ்திரத்தில் ரேடியம் ஸ்டிக்கர் வருகிறது என்று கேட்டேன். படித்த திமிர் என்றார். ஆமாம், அதற்குத்தானே படித்தேன்.

பட்டறையில் எல்லோரும் அவனை அந்தப் பெயரோடு ஒரு 'அப்பா' சேர்த்துக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவனும் சிரித்துக்கொண்டே திரும்பினான். செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு செக்கப்புக்கு அதே வண்டியில்தான் போவோம். காலையிலேயே முடிந்து திரும்பி வரும்போது திருக்கழுக்குன்றம் தாண்டியதும் முகத்துக்கு நேரே வெயில். கண்ணாடியில் ஒட்டியிருந்த எழுத்துகளின் நிழல் அப்படியே இறங்கி என் வயிற்றில் விழுந்தது. துப்பட்டாவை மடித்து மூடிக்கொண்டேன்.

"இன்னாமே, குளுருதா?"

"உள்ள கீற புள்ள படிச்சிரப் போவுது."

அடுத்த வாரம் நானே அந்த ஸ்டிக்கர் கடைக்குப் போனேன். என் பெயரை, அதாவது நான் வைத்திருந்த பெயரை, என் ஸ்கூட்டியின் முன்பக்கம் ஒட்டிக்கொண்டு வந்தேன். இறக்கை வேண்டுமா என்று கேட்டார் கடைக்காரர். பிள்ளை என்ன பறக்கவா போகிறது?

வாசலில் இப்போது இரண்டு வண்டி, இரண்டு பெயர். எங்கள் தெருவுக்கு அது போதும். ரேஷன் கடைக்குப் போன மாமியார் முகமெல்லாம் சிவந்து வந்தார்.

"ரெட்டப் புள்ளயாமே! ஊருக்கே தெரிது, என்னாண்ட ஏன்டி மறச்சீங்க?"

"அத்தே, ஒண்ணுதான். ஸ்கேன் ரிப்போர்ட்ட பாருங்க."

"அப்ப எதுக்குடி ரெண்டு பேரு?"

"உங்க புள்ளையாண்ட கேளுங்க."

ரிப்போர்ட்டைக் காட்டியும் பாதிதான் நம்பினார். ஊர் சொன்னால் தப்பாக இருக்குமா? எதிர் வீட்டு அக்கா எல்லாவற்றையும் ஜோடியாகவே கொண்டுவந்தார். இரண்டு ஜட்டி, இரண்டு குல்லா, இரண்டு கிலுகிலுப்பை. வாங்கி வைத்துக்கொண்டேன், நான் எதற்கு வேண்டாம் என்று சொல்ல வேண்டும்? அவன்தான் பட்டறையில் மாட்டிக்கொண்டான். ரெட்டைக்கு ட்ரீட் கேட்டு அவனை ஒரு வாரம் பேஜார் பண்ணியிருக்கிறார்கள்.

பிறந்தது ஒன்றுதான். பெண்.

வார்டுக்கு வந்து குழந்தையைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். வாயைத் திறந்தான்.

"ஸ்ரீன்னு மட்டும் சொன்ன, உன் வாயிலயும் தையல் போடச் சொல்லுவேன்."

"அது சொல்ல வரலமே. உன்ன மாரியே மொறைக்கிது."

வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் பிளேடு எடுத்துக்கொண்டு தானே போய்ச் சுரண்டினான். பெயரை மட்டும். இறக்கையையும் கிரீடத்தையும் சுரண்ட மனசு வரவில்லையாம். இப்போது குட்டியானை நடுவில் ஒன்றுமே இல்லாமல், ராஜாவைத் தொலைத்த அரண்மனை மாதிரி ஜி.எஸ்.டி. ரோட்டில் போய்வருகிறது. "நீயும் உன்னுத சொரண்டு, அதான நாயம்" என்றான். என்னுடையது பெண்ணுக்கும் பொருந்தும், நான் ஏன் சுரண்ட வேண்டும் என்றேன். இரண்டு நாள் பேச்சு இல்லை. மாமியார் இடையில் உட்கார்ந்து, "பாப்பா, பாப்பா" என்று கூப்பிட்டே காலத்தை ஓட்டுகிறார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பெயர் வைக்கிற விசேஷம். சமையல்காரருக்குச் சொல்லியாகிவிட்டது. இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட பெயர்தான் இல்லை. இன்று கல்பாக்கத்துக்கு ஒரு நந்தியை ஏற்றிப் போனவன், வழியில் வண்டியை ஓரம் கட்டி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறான். பின்னால் லாரி சத்தம்.

"யேய், இந்தப் பேரு எப்டி கீதுன்னு பாரு. புடிச்சா சொல்லு. புடிக்கலன்னா வுட்ரு, வேற பாக்கலாம். யாராண்டயும் இன்னும் சொல்லல."

அப்புறம் பெயரைச் சொல்கிறான். மறுபடி போட்டுக் கேட்டேன். கண்றாவி. இந்த முறை 'ஷ்' இல்லை, அதற்குப் பதிலாக நடுவில் ஒரு 'க்ஷ'.

பிடிக்கவில்லை என்று அனுப்பினேன். இப்போது இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது.