ரெட் அலர்ட்னா வெயில்

மெட்ராஸ் மழையை எவன் நம்புவான்? ரெட் அலர்ட்னு ஸ்கூலுக்கு லீவு விட்டா, அன்னிக்குன்னு பார்த்து வெயில் மண்டையைப் பொளக்கும். போன ஐப்பசியிலயும் அப்படித்தான். டிவியில சொன்னதை நம்பி, ஜாக்கெட் தைக்க வந்திருந்த பட்டுப் புடவையெல்லாம் மூட்டை கட்டி, மாடியில ஹவுஸ் ஓனரம்மா ஹால்ல கொண்டுபோய் வெச்சேன். ஒரு தூறல் இல்ல. "இன்னாம்மா, உன் புயல் ஆந்திராவுக்குப் போயிடுச்சா?"ன்னு அந்தம்மா ஒரு வாரம் என்னைக் கலாய்ச்சுது.

மந்தைவெளியில நான் இருக்கறது தரைத்தளம். ரோடு போடறப்பல்லாம் பழசைச் சுரண்டாம அது மேலேயே தார் ஊத்தினானுங்க பாவிங்க. இப்போ தெருவுலேர்ந்து ரெண்டு படி கீழே இறங்கித்தான் வாசலுக்கு வரணும். தெருத் தண்ணிக்கெல்லாம் என் வீடுதான் தொட்டி.

கார்த்திகையில மறுபடியும் ரெட் அலர்ட். மாடிக்குப் போய் மூட்டையை வைக்க எடம் கேட்டேன். "உனக்கு வேற வேலையே இல்லியா? ஹால் பூரா கல்யாண சாமான் கெடக்கு"ன்னு சொல்லிட்டு, மாடிப்படி கிரில் கேட்டைப் பூட்டிக்கிச்சு. அந்தம்மா பொண்ணுக்குத்தான் கல்யாணம். முகூர்த்தப் புடவையும் என்கிட்டதான் இருந்துச்சு, ஜாக்கெட்டுக்காக.

புயல் கடல்ல நின்ன எடத்துலயே நின்னுக்கினு கொட்டித் தீர்த்துச்சு. மத்தியானம் சாக்கடைத் தண்ணி படியில இறங்குச்சு. அது போதாதுன்னு எதிர் அபார்ட்மெண்ட்காரன் தன் பேஸ்மெண்ட் தண்ணியை மோட்டார் போட்டுத் தெருவுல விட்டான், நாசமாப் போறவன். கத்தினேன். பால்கனியில நின்னுக்கினு கையை விரிச்சான். கட்டில் மேல ஏத்தியிருந்த மூட்டையோட அடி நனைஞ்சிடுச்சு. அத்தனையும் ஊரார் பட்டு. கெட்டுச்சுன்னா என் பொழப்பே போச்சு. மூட்டையைத் தூக்கித் தலையில வெச்சுக்கினு மாடியேறி கிரில்லைத் தட்டினேன்.

அந்தம்மா கம்பி வழியா கையை நீட்டுச்சு. "எங்க புடவையைக் குடு."

குடுத்தேன். வாங்கி நெஞ்சோட அணைச்சுக்கிச்சு. பூட்டைத் தொறக்கல. "மூட்டையெல்லாம் சாக்கடையா கீது. ஹாலே நாறிடும்."

எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிச்சு. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள அதுவே கேட்டுச்சு: "ஜாக்கெட் வெள்ளிக்கிழமைக்குள்ள ஆயிடுமில்ல?"

வெட்டி வெச்ச ஜாக்கெட் துணி ஒரு கவர்ல என் இடுப்புல செருகியிருந்துச்சு. எடுத்துக் காட்டினேன். வாழ்க்கையில மொதல் தடவையா அந்தம்மாவை நீ வா போன்னு பேசினேன். "மொதல்ல இந்த மூட்டை உள்ளே போவும். அப்புறம் என் மெஷின். அப்புறந்தான் உன் பொண்ணு ஜாக்கெட். இல்லேன்னா இந்தத் துணியும் சாக்கடையோட போவட்டும்."

முறைச்சுக்கினே நின்னுச்சு. அப்புறம் உள்ளே போய் சாவி எடுத்துக்கினு வந்துச்சு.

தரையில பாய் போட்டு அதுமேல வைக்கச் சொல்லுச்சு. நான் நேரா போய் அந்தப் புது சோபா மேலேயே மூட்டையை இறக்கினேன், சொட்டச் சொட்ட. புடவையெல்லாம் தனித்தனி கவர்ல இருந்ததால ஒண்ணும் கெடல. மெஷினையும் மேலே ஏத்தி, அங்கேயே தைச்சு ஜாக்கெட்டைச் சொன்ன நாள்ல குடுத்தேன்.

சோபாவுல அந்தக் கறை இன்னும் போவலியாம். நல்லா வேணும்.