பக்கத்துக் கட்டில் பச்சை வளையல்கள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் ஒரு வாரம், கர்ப்பப்பையில் கட்டி என்று பெங்களூர் ஆஸ்பத்திரி ஒன்றில் படுத்திருந்தேன். பக்கத்துக் கட்டிலில் கோலார் தங்கவயலிலிருந்து வந்த ஓர் அக்கா. பெரிய குங்குமப் பொட்டு, முழங்கை வரை பச்சைக் கண்ணாடி வளையல். கையை ஆட்டாமல் பேசவே வராது, வார்டே கலகலக்கும்.

இதே மாதிரிக் கட்டியை அவருக்கு நாலு வருஷம் முன்பே எடுத்தாயிற்று. வயிறு மறுபடி மேடிட்டதும், சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டுப் பெண்கள் கர்ப்பம் என்று நம்பி வளைகாப்பே நடத்திவிட்டார்கள். கட்டிதான் திரும்பி வந்திருக்கிறது என்று அப்புறம்தான் தெரிந்தது.

"வளையலைக் கழட்டலையாக்கா?" என்றேன்.

"அது இன்னாம்மா பாவம் பண்ணுச்சு?"

"கர்ப்பப்பையையே எடுத்துடலாம்னு டாக்டரம்மா சொன்னாங்களாமே?"

"முடிஞ்சா விட்டு வைங்கன்னேன். தொறந்து பாத்துதான் சொல்லுவாங்களாம். கட்டியே வழி கண்டுபுடிச்சு ரெண்டாந்தடவ வருது, ஒரு புள்ளைக்கு வழி தெரியாதா?"

மறுநாள் காலை ஆபரேஷனுக்குக் கூப்பிட்டபோது, நர்ஸ் வளையல்களைக் கழற்றச் சொன்னார். அக்கா அத்தனையையும் என் மடியில் போட்டுவிட்டுப் போனார்.

மயக்கம் தெளிந்ததும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கையை மட்டும் நீட்டினார். நான் ஒரு வளையல் போட்டேன். எதிர்க்கட்டில் கன்னடத்து அம்மா எழுந்து வந்து ஒன்று போட்டார். பிறகு நர்ஸ் ஒன்று எடுத்தார். கர்ப்பப்பை இருக்கிறதா, போய்விட்டதா என்று எங்களில் நர்ஸுக்கு மட்டும்தான் தெரியும். நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

சிரித்துக்கொண்டேதான் போட்டார். அது எந்தச் சிரிப்பு என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.