ஆறு வோல்ட், தொண்ணூறு வோல்ட்

என் மனைவிக்குக் காது போனது ஜேடர்பாளையத்தில். பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போயிருந்தவளுக்குக் குழந்தை பிறந்த பத்தாம் நாள் குளிர்காய்ச்சல் கண்டது. ஆற்றோர ஊர்களில் அந்த வருஷம் வீட்டுக்கு வீடு அந்தக் காய்ச்சல்தான். கொயினா மருந்து கொடுத்துக் கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். காய்ச்சல் விட்டபோது காதுக்குள் ஒரே இரைச்சலாக இருக்கிறது என்றாள். சில வாரங்களில் அந்த இரைச்சல் நின்றது, அதோடு மற்ற சத்தங்களும் நின்றுபோயின. காதோரம் வாய் வைத்துக் கத்தினால் ஏதோ கொஞ்சம் விழும்.

நான் நாமக்கல்லில் ஒரு மோட்டார் கம்பெனியின் பஸ் கொட்டகையில் பேட்டரி, விளக்கு, ஹாரன் வேலைகளைப் பார்த்து வந்தேன். பகலெல்லாம் வீட்டில் அவளும் குழந்தையும்தான். குழந்தை அழுதால் அவளுக்குத் தெரியாது. அதனால் அதன் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டுதான் அடுப்பு வேலை பார்ப்பாள். மகளுக்குப் பேச்சு வந்து, கதை சொல்லும் வயதும் வந்துவிட்டது. அந்தக் குரல் எப்படி இருக்கும் என்று பெற்றவளுக்குத் தெரியாது.

ஊரில் கூடாரம் போட்டிருந்த டூரிங் சினிமாவின் ஆபரேட்டர் பேட்டரி சார்ஜ் செய்ய என்னிடம் வருவார். ஒருநாள் அவரிடம் இதைச் சொல்லிவிட்டேன்.

"எங்க கொட்டாயில பேச்சைப் பெருசாக்குற பொட்டி இருக்குதுங்களே," என்றார் அவர். "அத்தனை சனத்துக்குக் கேக்கறத ஒரு ஆளுக்குப் பண்ண முடியாதுங்களா?"

அவரே சத்தத்தைப் பெருக்கும் பழைய கண்ணாடி வால்வுகள் இரண்டும், ஒரு டெலிபோனின் பேசும் பக்கமும், ஒரு ஹெட்போனும் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு மாதம் போராடி எல்லாவற்றையும் ஒரு மரப்பெட்டிக்குள் அடக்கினேன். வால்வைச் சூடாக்க பஸ் பேட்டரியின் ஆறு வோல்ட் போதும். ஆனால் அது வேலை செய்ய இன்னொரு பக்கம் தொண்ணூறு வோல்ட் வேண்டும். அதற்காகச் சேலத்தில் ரேடியோ விற்கும் கடையிலிருந்து டிரை பேட்டரி ஒன்று வாங்கி வந்தேன்.

மகளை அந்த டெலிபோன் மைக் முன்னால் உட்கார வைத்தோம். "அம்மா, எனக்குப் பசிக்குது" என்றாள். என் மனைவி ஹெட்போனைக் கழற்றி ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டிக்கொண்டாள்.

"இன்னொருக்காச் சொல்லச் சொல்லுங்க."

அப்படிச் சொல்லச் சொல்லியே குழந்தை அலுத்துப்போய் அழ ஆரம்பித்தது. அழுகையையும் அவள் விடாமல் கேட்டாள்.

இரண்டு மாதம் அப்படிப் போயிற்று. பிறகு டிரை பேட்டரி இறங்கிவிட்டது. அதற்குள் யுத்தம் முற்றிவிட்டிருந்தது. சேலம் கடைக்காரர் கையை விரித்தார். "பட்டாளத்துக்கே பத்தலீங்களாம். இனி எப்ப வருமோ, சொல்றதுக்கில்லீங்க."

கையில் இருந்தது ஆறு வோல்ட். அதையே தொண்ணூறாக ஏற்றிவிடலாம் என்று துணிந்தேன். டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை ஏற்றும், ஆனால் மின்சாரம் விட்டு விட்டுப் பாய்ந்தால்தான் ஏற்றும். பேட்டரியிலிருந்து வருவதோ ஒரே சீராக வருவது. பழைய பஸ் ஹாரனுக்குள் படபடவென்று அடித்துக்கொள்ளும் தகடு ஒன்று உண்டு. அதைக் கழற்றி மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்ப வைத்தேன். மெல்லிய கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் கையாலேயே சுற்றி டிரான்ஸ்பார்மர் செய்தேன். பற்றவைத்ததில் விரல்கள் பல இடத்தில் வெந்து கொப்புளம் கண்டன. கடைசியில் மீட்டரின் முள் எண்பத்தைந்தில் போய் நின்றது.

வோல்ட் வந்தது, அதோடு தகட்டின் ரீங்காரமும் வந்தது. ஹெட்போனை மாட்டினால் பேச்சுக்கு மேலே அதுதான் கேட்டது. தகரப் பெட்டிக்குள் போட்டு மூடினேன். இரைச்சலை வடிகட்டும் கண்டென்சர்களை மாற்றி மாற்றிப் போட்டேன். கடைசியாக அந்தப் பகுதியை மட்டும் பின்புற மாட்டுக் கொட்டகையில் வைத்து, நீளக் கம்பி இழுத்து வீட்டுக்குள் கொண்டுவந்தேன். சத்தம் சற்றுக் குறைந்தது. கூரைத் தகரத்தில் மழை பெய்யும்போது அடுத்த வீட்டில் யாரோ பேசுவதுபோல மகளின் குரல் எனக்குக் கேட்டது.

"கேக்குதா?" என்று சைகையில் கேட்டேன்.

"கேக்குதுங்க," என்றாள்.

தினமும் சாயங்காலம் அவள் ஹெட்போனை மாட்டிக்கொள்வாள். மகள் பேசுவாள். அவள் தலையாட்டுவாள், சிரிப்பாள். மூன்று மணி நேரத்தில் பஸ் பேட்டரி இறங்கிவிடும். மறுநாள் அதைச் சைக்கிளில் கட்டி எடுத்துப்போய்ச் சார்ஜ் செய்து வருவேன். இப்படி ஆறு மாதத்துக்கு மேல் நடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிணற்றிலிருந்து வந்தவன் மாட்டுக் கொட்டகைக்குள் நுழைந்தேன். ரீங்காரம் இல்லை. தகட்டின் முனை தீய்ந்து ஒட்டிப்போயிருந்தது. வீட்டுக்குள் போனேன். மகள் பேசிக்கொண்டிருந்தாள். என் மனைவி ஹெட்போனுடன் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

அதைக் கழற்றிவிட்டு அவள் காதருகே கத்தினேன். "அம்முணி என்ன சொன்னா?"

அவள் மகளின் முகத்தைப் பார்த்தாள். "பாட்டுப் பாடுனாளுங்க."

"நான் பாடலீங்கப்பா," என்றாள் மகள். "வவுத்த வலிக்குதுன்னு சொன்னேன்."

எத்தனை நாளாகக் கேட்கவில்லை என்று கேட்டேன்.

"இந்தப் புதுசு வெச்ச நாள்லருந்தே வண்டு கத்தறாப்பலதானுங்க. பேச்சு ஒண்ணும் புரியலீங்க. நீங்க கையெல்லாம் சுட்டுக்கிட்டுப் பண்ணுனீங்க, எப்படிங்க சொல்றது?"

அந்த நேரத்தில் எனக்கு இரக்கம் வரவில்லை. கோபம்தான் வந்தது. ஒருவரிடமும் சொல்லக்கூடாத ஒரு வார்த்தையை அவளைப் பார்த்துச் சொன்னேன். அவளுக்கு அது கேட்கவில்லை. மகளுக்குக் கேட்டது. பிறகு ஓமத்தை இடித்துக் கொதிக்கவைத்துக் குழந்தைக்குக் கொடுத்தேன்.

யுத்தம் முடிந்து வெகுநாள் கழித்து டிரை பேட்டரி சேலத்துக்கு வந்தது. வாங்கி வந்து பெட்டியில் இணைத்தேன். முதலில் நானே கேட்டுப் பார்த்தேன். மைக்கின் அருகே மகள் மூச்சு விடுவதுகூடத் தெளிவாகக் கேட்டது. ஹெட்போனை மனைவிக்கு மாட்டினேன். மகள் பேசினாள். உரக்கப் பேசினாள். மனைவி கண்ணை மூடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

"இல்லீங்க," என்றாள். "வண்டு சத்தமும் இல்லீங்க."

மீதியிருந்த காதும் எப்போதோ போய்விட்டிருக்கிறது. நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

அதன் பிறகு அவள் பல வருஷம் இருந்தாள். மகள் அவளிடம் ஒவ்வொரு சொல்லாக வாயை அகலத் திறந்து பேசப் பழகிக்கொண்டாள். பள்ளிக்கூடத்திலும் அவள் எல்லாரிடமும் அப்படியே பேசுவதாகவும், மற்ற பெண்கள் சிரிப்பதாகவும் வாத்தியார் என்னிடம் சொன்னார். எனக்கு அந்தப் பழக்கம் வரவில்லை. வீட்டில் நான் பேசுவது வரவரக் குறைந்துபோயிற்று.