‘கீதா’ சார்

எங்கள் கணிதப் பேராசிரியர் முதல் நாள் பலகை நிறைய ஒரு சமன்பாட்டை எழுதினார். சாக்பீஸை மேசையில் போட்டுவிட்டு எங்களைப் பார்த்துக் கேட்டார்: “கீதா?” தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒருவன் பதறி எழுந்து, “அவங்க இன்னிக்கு வரலீங்க சார்” என்றான். பெஞ்சுகள் அதிரச் சிரித்தோம். அன்றிலிருந்து அவர் எங்களுக்குக் ‘கீதா சார்’.

அவர் கேட்டது, விடை இருக்கிறதா என்று. ராயபுரத்தில் பிறந்தவர். சீமைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தும் அந்த வடசென்னைப் பேச்சை மட்டும் விடவில்லை. “மொதல்ல ஆன்சர் கீதா இல்லியான்னு பாரு நைனா. இல்லாத பொண்ணுக்கு இன்னாத்துக்கு மாப்ள தேடிகினு கீறே?” என்பார். கணிதம் எனக்குப் பித்தாகிப்போனது அந்த ஒரு வாக்கியத்தால்தான்.

துறைத் தலைவரானார், கல்லூரி முதல்வரானார், ஒருநாள் துணைவேந்தரே ஆகிவிட்டார். ராயபுரம் தலைகால் புரியாமல் ஆடியது. “கீது பூதுன்னு பேசறவனுக்குப் படிப்பு ஏறாதுன்னானுங்களே, இப்ப இன்னா சொல்வானுங்களாம்?” என்று டீக்கடைக்காரர் போவோர் வருவோரையெல்லாம் வம்புக்கிழுத்தார்.

அந்த ஆண்டுதான், அவரிடமே படித்த என் தோழன் எம்.எஸ்ஸி. கடைசித் தேர்வை எழுதினான். அவன் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். தேறிவிட்டால் எங்கள் கல்லூரியிலேயே அவனுக்கு ஆசிரியர் வேலை என்று சொல்லியிருந்தார்கள். வினாத்தாளில் ஒரு கூட்டல் குறி கழித்தல் குறியாக அச்சாகியிருந்தது. மற்றவர்கள் எதையோ எழுதி ஒப்பேற்ற, இவன் மட்டும் இதற்கு விடையே கிடையாது என்று வரிவரியாக நிறுவினான். சுழி போட்டுவிட்டார்கள். அந்த ஒரு கணக்கில் தேர்வே போயிற்று.

துணைவேந்தரிடம் ஓடினோம். அவன் மறுபடி எழுதிக் காட்டிய தாளை அவர் பென்சிலோடு தொடர்ந்து போனார். உதட்டோரம் பழைய சிரிப்பு. “நிரூபணம் சரியாக இருக்கிறது” என்றார். நான் துள்ளிக் குதிக்காத குறை. உடனே, “ஆனால் வெளியிட்ட முடிவை மாற்றினால் பல்கலைக்கழகத்தின் மதிப்பு என்னாவது? அதற்கு வழி இல்லை. நீங்கள் மீண்டும் எழுதுங்கள்” என்றார்.

நீங்கள்! ‘டேய் நைனா’ என்று முதுகில் தட்டிய மனிதர், மரியாதை கொடுத்தே எங்களை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டார்.

“வயி கீதா இல்லியான்னு நீங்க இன்னும் பாக்கவே இல்லியே சார்” என்றான் தோழன். அவர் அழைப்பு மணியை அழுத்தினார்.

அவர் இன்னும் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். தோழன் துறைமுகக் கிடங்கில் மூட்டை இறக்குகிறான். ஒருதரம் எழுதித் தொலையேன்டா என்று பார்க்கும்போதெல்லாம் நச்சரிக்கிறேன். போன வாரம் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டான்:

“கரெக்ட்டுன்னு அவரே சொன்ன கணக்க இன்னாத்துக்கு மாமு திரும்ப எய்தணும்?”