அப்பா தூங்கும் நேரம்

அப்பா பரோட்டா மாஸ்டர். மட்டாஞ்சேரியில், சாயங்காலம் தொடங்கி விடியும்வரை நடக்கும் ஒரு ஹோட்டலில் கல்லுக்கு முன்னால் நிற்பது அவர் வேலை. விடிந்ததும் வந்து படுப்பார். மதியம் எழுந்து போய் மைதா பிசைந்து, உருண்டை பிடித்து, ஈரத்துணி போட்டு மூடிவைத்துவிட்டு வந்து மறுபடியும் படுப்பார். நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போதும் தூங்குவார், திரும்பி வரும்போதும் தூங்குவார். மற்றவர்கள் ராத்திரி ஒரே மூச்சாகத் தூங்கி முடிக்கிறதை அவர் பகலில் இரண்டு துண்டாகத் தூங்கினார். அந்தத் துண்டுகளைக் காப்பாற்றுவதுதான் எங்கள் குடும்பத்தின் முக்கியமான வேலை.

வீடு என்று நாங்கள் சொன்னது ஓர் அறை. சன்னலில் வெயில் வராமல் நீலப் போர்வை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தோம். பகல் அதற்குள் வடிந்து நீலமாகத்தான் உள்ளே வரும். பக்கத்துச் சரக்குக் கிட்டங்கியிலிருந்து சுக்கு வாசனை வந்துகொண்டே இருக்கும். அம்மா பாத்திரத்தைத் துணி விரித்து அதன்மேல் வைப்பாள். கதவுச் சங்கிலியில் பழைய சேலைக் கிழிசலைச் சுற்றியிருந்தாள். நானும் அவளும் கையாலும் கண்ணாலும் பேசிக்கொள்வோம். நான் அழுதால்கூடச் சத்தம் வராது என்று பக்கத்து வீட்டுச் சேச்சி மெச்சுவாள். எனக்கு அது பெருமையாக இருந்தது. அந்த நீலத்துக்குள் உட்கார்ந்து பாடப் புத்தகத்தைத் திறந்தால் மலையாள எழுத்துகள் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல மெதுவாக அசையும். உதட்டை அசைத்து ஒவ்வொன்றாக எடுப்பேன். கதை எனக்குள் ஓடும். அறையில் அப்பாவின் குறட்டை மட்டும் கேட்கும். இப்போதும் நல்ல கனவு வந்தால் அது அந்த நீல நிறத்தில்தான் வருகிறது.

அப்பா வேலைக்குப் போன பிறகு ராத்திரியில் சத்தம் போட்டுப் படித்திருக்கலாமே என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றும். அம்மா வெலிங்டன் தீவில் ஓர் அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கப் போகிறவள். விடிவதற்கு முன் குழாயில் தண்ணீர் பிடித்து, சோறாக்கி, முதல் படகைப் பிடிக்க வேண்டும். அப்பா செருப்பை மாட்டும்போதே அவள் தலை சாய்ந்துவிடும். எங்கள் வீட்டில் எப்போதும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

நாலாம் வகுப்பில்தான் விவகாரம் வந்தது. புதிதாக வந்த டீச்சர் ஒவ்வொருவராக எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார். என் முறை வந்தது. நின்றேன். உதடு அசைந்தது. அடுத்த வாக்கியத்துக்கும் போனேன். டீச்சர் காதில் கைவைத்து, "ஒச்சத்தில் வாயிக்கு மோளே" என்றார். சத்தமாக வாசிக்கத்தான் பார்த்தேன். தொண்டைக்குள் அம்மாவின் கை வந்து பொத்தியதுபோல் இருந்தது. வகுப்பு சிரித்தது. மறுநாளும் அதேதான். பிறகு டீச்சர் என்னைக் கடைசி பெஞ்சில், எழுத்தே தெரியாத இரண்டு பேரோடு உட்காரவைத்தார்.

அம்மாவை வரச்சொல்லி அவர் சொன்னார்: "குட்டிக்கு வாயிக்கான் அறியில்ல. வீட்டில் தமிழல்லே, அதுகொண்டாவும். நாட்டில் தமிழ் ஸ்கூலில் சேர்த்தால் ரட்சப்படும்."

எனக்கு வாசிக்க வராது, ஊரில் தமிழ்ப் பள்ளியில் சேர்த்தால் தேறிவிடுவேன் என்று அர்த்தம். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். என் கோபம் வேறு. அப்பாவும் அம்மாவும் மலையாளம் நன்றாகப் பேசுவார்கள். ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. பிள்ளை படிக்கிறாளா இல்லையா என்று பார்க்க அவர்களிடம் எந்த வழியும் இல்லை. டீச்சர் சொன்னார், முடிந்தது. வீட்டில் பேசும் மொழிதான் குற்றவாளி என்று தீர்ப்பாகிவிட்டது. வரும் ஜூனில் என்னைச் சங்கரன்கோவில் பக்கம் மாமா வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று முடிவெடுத்தார்கள். அதையும் மெல்லிய குரலில்தான் பேசி முடித்தார்கள். நான் போர்வைக்குள் கேட்டுக்கொண்டு கிடந்தேன். மாமா வீட்டில் நல்ல சாப்பாடு, சைக்கிள்கூட உண்டு. எனக்கு வேண்டாம். எனக்கு அம்மாவும் அந்தக் குறட்டையும் வேண்டும். இதை எப்படிச் சத்தமாகச் சொல்வது என்று தெரியவில்லை.

இப்போது நான் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறேன். பிள்ளைகள் ஏன் பின்தங்குகிறார்கள் என்று அடிக்கடி கூட்டம் போடுவார்கள். வறுமை, சத்துக்குறைவு, பெற்றோரின் கல்வி, வீட்டு மொழி என்று திரையில் வரிசையாக விழும். எதுவும் பொய் இல்லை. ஆனாலும் எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். வீட்டில் யார் எப்போது தூங்குகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. நான் கேட்டால், "இவங்களுக்கு எப்பவும் தமாஷ்தான்" என்று சிரித்துவிட்டுச் சாயா குடிக்கப் போவார்கள்.

சனிக்கிழமைகளில் பள்ளி இல்லை. வீட்டில் விட்டால் அப்பாவின் தூக்கம் கெடும் என்று அம்மா என்னைப் படகில் கூட்டிப்போவாள். அந்த டீசல் படகு போடும் சத்தம் இருக்கிறதே, பக்கத்தில் இருப்பவர் காதில் வாய் வைத்துக் கத்தினாலும் கேட்காது. நான் இன்ஜினுக்குப் பக்கத்துப் பலகையில்தான் உட்காருவேன். புத்தகத்தைத் திறப்பேன். தொண்டையும் தானாகத் திறந்துகொள்ளும். நான் வாசிப்பது எனக்கே கேட்காது. நெஞ்சுக்குள் ஓர் அதிர்வு மட்டும் தெரியும். இரண்டு பக்கமும் காயல் சாம்பல் நிறத்தில் விரிந்து கிடக்கும். தூரத்தில் வல்லார்பாடம் துறைமுகத்தின் கிரேன்கள் பனிக்குள் தலை நீட்டி நிற்கும். நான் கத்துவேன், அழுவேன், கதையில் வரும் ராஜாவாகவும் குருவியாகவும் மாறி மாறிப் பேசுவேன். அம்மா அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து கண்ணை மூடியிருப்பாள். என் வாழ்க்கையில் சத்தம் இருந்த இடம் அது ஒன்றுதான். அங்கேயும் யாருக்கும் கேட்காது என்பதால்தான் இருந்தது.

மழைக்காலம் முடிந்து காயலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு வரும் சமயம். அங்கே அதைப் பாயல் என்பார்கள். ஒரு சனிக்கிழமை நடுக்காயலில் படகின் அடியில் சுழலும் விசிறியில் பாயல் சுற்றி, இன்ஜின் சட்டென்று நின்றுவிட்டது.

என் குரல் நிற்கவில்லை. கண் புத்தகத்தில் இருந்ததால் எனக்குத் தெரியவில்லை. ஒரு முழு வாக்கியம், ராஜாவின் குரலில், அந்தப் படகு முழுக்கக் கேட்டது. பிறகுதான் தண்ணீர் பலகையில் மோதும் சத்தம் காதில் விழுந்தது. நிமிர்ந்தேன். படகே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. உயிர் போய்விட்டது.

எதிரே உட்கார்ந்திருந்த, தீவில் வேலைக்குப் போகும் ஒரு சேச்சி மெச்சிச் சிரித்தாள். "கொள்ளாமல்லோ! நல்லாயிட்டு வாயிக்குந்நுண்டு."

அம்மா எழுந்து வந்தாள். "இல்ல சேச்சி, இவளுக்கு வாயிக்கத் தெரியாது. டீச்சர் சொல்லிட்டாங்க. என்னத்தையோ உளறுதா."

"ஆரு பறஞ்ஞு?" சேச்சி என் புத்தகத்தை வாங்கி, கடைசிப் பக்கங்களில் ஒன்றைத் திறந்து நீட்டினாள். வகுப்பில் இன்னும் எடுக்காத பாடம். "இது வாயிச்சே."

முன்னால் ஒருவர் கழியை விட்டுப் பாயலைத் தள்ளிக்கொண்டிருந்தார். மற்றபடி ஒரு சத்தமும் இல்லை. என் உதடு அசைந்தது. பழையபடி காற்றுதான் வந்தது. அம்மா என் வாயையே பார்த்தாள். பிறகு பலகைகளில் இருந்தவர்களைப் பார்த்தாள். மறுபடியும் என் வாயைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. என் முன்னால் குந்தி உட்கார்ந்து, கன்னத்தைப் பிடித்து, வீட்டில் ஒருநாளும் பேசாத உரத்த குரலில் சொன்னாள்:

"ஏட்டி, இங்க யாரும் தூங்கல. படி."

படித்தேன். சேச்சி விரலை வரிமேல் ஓட்டிக்கொண்டே வந்தாள். ஒரு பக்கம் முடிந்ததும் அம்மாவிடம் தலையாட்டினாள். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பாயலைத் தள்ளியவரிடம், "மெல்லச் செய்யுங்க சேட்டா, ஒண்ணும் அவசரமில்ல" என்றாள். படகு சிரித்தது.

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போகவில்லை. டீச்சரிடம் போய், வீட்டில் அப்பா பகலில் தூங்குவதையும் நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு இருப்பதையும் மூச்சுவிடாமல் சொன்னாள். டீச்சர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னை முன் பெஞ்சுக்கு வரச்சொன்னார். தினமும் வீட்டில் கொஞ்ச நேரமாவது சத்தமாக வாசிக்கட்டும், ஊருக்கு அனுப்ப வேண்டாம் என்றார்.

அன்று மாலை அம்மா அதை அப்பாவிடம் சொன்னாள். அவர் கைலியை இறுக்கிக் கட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "எந் தூக்கமா புள்ளைக்கு எமனா வந்துச்சு?" என்றார். அவ்வளவுதான். மறுநாள் பாயையும் தலையணையையும் சுருட்டி எடுத்துக்கொண்டார். ஹோட்டலுக்கு மேலே வேலைக்காரர்கள் படுக்கும் தகரக் கூரை அறை ஒன்று இருந்தது. "அவ ஒரு எடத்துக்கும் போவாண்டாம். நான் அங்கன படுத்துக்கிடுதேன்" என்றார்.

ஆக, வீட்டைவிட்டு ஒருவர் போகவேண்டும் என்பது மாறவில்லை, ஆள்தான் மாறினார். அம்மா போர்வையைக் கழற்றித் துவைத்துப் போட்டாள். வெயில் அறைக்குள் தைரியமாக வந்து உட்கார்ந்தது. நான் உரக்க வாசித்தேன். முதல் சில நாள்கள் ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் அப்பா படுக்கும் மூலையைத் திரும்பிப் பார்ப்பேன். அப்பாவை விடுமுறை நாளில்தான் பார்க்க முடிந்தது. அன்றைக்கும் வீட்டில் படுக்காமல், கண் எரியுது என்று வெளியே உலாத்திக்கொண்டிருப்பார்.

அந்த ஆண்டு முடிவதற்குள் டீச்சர் என்னை அசெம்பிளியில் பத்திரிகைச் செய்தி வாசிக்கச் சொன்னார். பள்ளிக்கூடம் முழுக்க வெயிலில் நின்று கேட்டது. அதை அப்பாவிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பள்ளி விட்டதும் நேராக ஹோட்டலுக்கு ஓடி, பின்பக்க மரப்படி ஏறினேன்.

மேலே சூடு முகத்தில் அடித்தது. நாலைந்து பேர் வரிசையாகக் கிடந்தார்கள். கீழே சமையலறையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அண்டாவைத் தரையில் தேய்த்து இழுத்தார்கள். சந்தில் லாரி ஒன்று விடாமல் ஹாரன் அடித்தது. பலகைத் தரையே அதிர்ந்தது. நடுவில் அப்பா வாயைத் திறந்துகொண்டு அடித்துப்போட்டாற்போல் தூங்கினார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. இவ்வளவு இரைச்சலில் தூங்கத் தெரிந்த மனிதருக்காகவா நாங்கள் இத்தனை வருஷம் ஊமையாக இருந்தோம்? இவர் எதற்கு வீட்டைவிட்டு வரவேண்டும்? இப்போதே எழுப்பி, பாயைச் சுருட்டவைத்து, கையோடு கூட்டிப்போய்விட வேண்டும் என்று அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மற்றவர்கள் தூங்குகிறார்களே என்று பழக்கதோஷத்தில் குரல் இறங்கிவிட்டது. கிரைண்டர் சத்தத்தில் எனக்கே கேட்காத அளவுக்குத்தான் சொன்னேன்.

"அப்பா."

உடனே கண்ணைத் திறந்து, எழுந்து உட்கார்ந்துவிட்டார்.