ஜெயம்மா வீட்டுப் பக்கம் சாய்ந்த பட்டர் ஃப்ரூட் மரம்

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் மேல் 'டம்' என்று ஒரு சத்தம், தொடர்ந்து சரிவில் எதுவோ உருண்டு போகும் ஓசை, பிறகு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஜெயம்மாவின் குரல்: பெங்களூரு காக்ஸ் டவுனில் நாங்கள் குடியிருந்த தொண்ணூறுகளின் மழைக்காலங்கள் எனக்கு இப்படித்தான் நினைவிருக்கின்றன. உருண்டது எங்கள் தோட்டத்துப் பட்டர் ஃப்ரூட். பக்கத்து வீட்டு ஜெயம்மா அதைக் கன்னடத்தில் 'பெண்ணெ ஹண்ணு', வெண்ணெய்ப் பழம், என்பார்; திட்டிக்கொண்டே பொறுக்கி, அரிசிப் பானையில் பழுக்கவும் வைப்பார்.

மாடி உயரத்தைத் தாண்டிவிட்ட அந்த மரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, காற்றுக்குக் கிளை ஒன்று முறிந்து ஜெயம்மா வீட்டுச் சமையலறைக் கூரையைப் பிளந்துகொண்டு விழுந்தது. சற்று முன்புதான் அவருடைய பேத்தியை அங்கிருந்து தூக்கிப் போயிருந்தார்கள். வழக்கமாகப் போடும் சத்தத்தைப் போடாமல் ஜெயம்மா எங்கள் கேட்டருகே வந்து நின்றதுதான் எங்களைப் பயமுறுத்தியது. "டீச்சரம்மா, மகு அங்கதான் விளையாடிட்டு இருந்துச்சு. நான் என்ன பண்ணட்டும், நீங்களே ஹேளி" என்று அம்மாவிடம் கேட்டார்; 'மகு' என்றது அந்தக் குழந்தையைத்தான்.

அப்பா அன்றைக்கே மரத்தை அடியோடு எடுத்துவிடலாம் என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புடவையைக்கூட மாற்றாமல் அந்த நிழலில் உட்கார்ந்துதான் அம்மா காப்பி குடிப்பாள். "ஒரேயடியா வேண்டாம். வருஷத்துக்குக் கொஞ்சமா உயரத்தைக் குறைக்கலாம். அதுக்கப்புறமும் பயமா இருந்தா நானே ஆள் கூட்டிட்டு வரேன்" என்றாள். முடிவை ஜெயம்மாவிடம் விட்டார்கள். அவர் வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "மேலே இருக்கிறது மட்டும் போகட்டும்" என்றார்.

காய்ப்பு ஓய்ந்ததும் மரம் ஏறுகிற ஆளை வரவழைத்தார்கள். பார்க்கத்தான் தடியான கிளைகள், லேசில் முறியும் என்பதால், ஒவ்வொன்றையும் கயிற்றில் கட்டி, அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்துவிட்டுப் பிறகு மேலிருந்து அறுக்க, பட்டை கிழியாமல் கிளை இறங்கியது. கயிற்றின் மறுமுனையை அப்பாவும் ஜெயம்மாவும் பிடித்திருந்தார்கள். நிழல் போன கொம்புகள் வெயிலில் வெந்துவிடக் கூடாதென்று அவற்றுக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னாள் அம்மா. தெருப் பிள்ளைகள் 'பேய் மரம்' என்று பெயர் வைத்தார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு காய்கூட இல்லை. அம்மா எருவிட்டாள், தண்ணீர் ஊற்றினாள், யாராவது மரத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். மறுபடி உயரத்தைக் குறைத்தபோது அப்பா, "செத்துடுச்சோ என்னவோ" என்றார். தளிர் வந்தது, பூத்தது, பூவெல்லாம் கொட்டியது. அதற்கடுத்த வருடம்தான் கைக்கு எட்டும் உயரத்தில் காய்கள் தொங்கின. முதல் கூடையை அம்மா சுவருக்கு மேலாக நீட்ட, ஜெயம்மா அதை வாங்கி வைத்துவிட்டு, வளர்ந்துவிட்ட பேத்தியை எங்கள் தோட்டத்துக்கே அழைத்து வந்து, ஒரு காயை அவள் கையாலேயே பறிக்க வைத்தார்.

இன்று அந்த வீடு எங்களுடையதில்லை. அப்பா போன பிறகு விற்றோம். அங்கே இப்போது நாலு மாடிக் குடியிருப்பு நிற்கிறது, தரையெங்கும் சிமெண்ட். அம்மா என்னோடு இருக்கிறாள். போன மாதம் ஜெயம்மா போன் செய்தார். பேத்தியின் கல்யாணம், முழங்கால் வலி, தண்ணீர் வராத குழாய் என்று இருவரும் தமிழும் கன்னடமுமாக வெகுநேரம் பேசினார்கள். மரத்தைப் பற்றி அம்மா கேட்கவில்லை, ஜெயம்மாவும் சொல்லவில்லை.